விழுந்த பழத்தின் கொட்டை

வேன் கதவைத் திறந்ததும் ராசு மாமா டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அது சண்முகப்பிரியாவின் இடம். மலைக்கிராமத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க நாமக்கல்லில் இருந்து வந்திருந்த தொண்டு நிறுவனத்துப் பெண் அவள். மலையில் நடக்கிற சின்னத் தொழில்களைக் காட்ட அன்றைக்கு எங்களைக் கூட்டிப் போனாள். கையில் ஒரு சின்ன மைக், கழுத்தில் அடையாள அட்டை.

"ஐயா, அது எனக்குப் போட்ட சீட்டுங்க" என்றாள்.

"பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வருமுங்க. பொறவு உங்க இஷ்டம்."

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? மைக்கை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மலையில் பிறந்து மலையிலேயே வளர்ந்த மனிதருக்கு மலை ரோட்டில் வாந்தி வரும். நடந்தால் எந்த மேட்டையும் மூச்சு வாங்காமல் ஏறிவிடுவார்; சக்கரம் வைத்த எதில் ஏறினாலும் முகம் வெளுத்துவிடும். என் அக்காவைக் கட்டியவர் என்பதால் இதெல்லாம் எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அவர் அரியூர் நாட்டில் ஊர்க்கவுண்டர், ஊர்ப்பெரியவர். ஒரு காரியத்துக்கு அவர் தலையாட்டினால் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் தலையாட்டும். அவர் சும்மா இருந்தால் மற்றவர்களும் சும்மா இருப்பார்கள். அன்றைக்கு எனக்கு அந்தத் தலையாட்டல் வேண்டியிருந்தது.

என் பெயர் கலைமணி. வளப்பூர் நாட்டுப் பெண்கள் சங்கங்களுக்கு நான்தான் தலைவி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளமாக இல்லாவிட்டால் தலைவியாக வைத்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்வேன்.

அந்த வருஷம் அந்த நீள வாயால்தான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். ஆனி மாசம் பிறந்தால் பலாப்பழத்துக்கு லாரி வரும். வியாபாரி கீழே இறங்கக்கூட மாட்டார். சன்னலில் கையைப் போட்டுக்கொண்டு விலை சொல்வார். சொன்னதுதான் விலை, கொடுத்ததுதான் காசு. இந்தத் தடவை லாரிக்குப் போட வேண்டாம், சுளையை எடுத்துக் காயவைத்து நாமே விற்போம் என்று வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண்களைச் சம்மதிக்க வைத்தேன். லாரி வெறுமனே திரும்பிப் போனது. போகும்போது அந்த ஆள், "பாக்கலாமுங்க அக்கா" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனிச் சாரலில் சுளையை வெயிலில் காயவைக்க முடியாது, வெயில் இருந்தால்தானே. அதற்கு டிரையர் வேண்டும். எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது ஒரே ஒரு டிரையர், முருகானந்தத்துடையது. அவர் காரவள்ளிப் பக்கத்து அடிவாரத்துக்காரர். மலையில் இடம் பிடித்து, பெரிய கோபர் கேஸ் தொட்டி கட்டி, அந்த வாயுவில் டிரையரை ஓட்டுவதாகத் திட்டம். நல்ல மனிதர்தான். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, தொட்டிக்குத் தீனி பத்தலீங்க. சாணிய மட்டும் போட்டா டீ வெக்கத்தான் கேஸ் வருது. விழுந்து அழுகற பலாப்பழத்தைக் கொண்டாந்து போடச் சொல்லி வெலை எழுதி போர்டே வெச்சுட்டேன். வெலைய ஏத்தியும் பாத்துட்டேன். ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்கறாங்க. நாளைக்கு நம்ம தொழிலைப் பாக்கத் தலைவருங்க எல்லாம் வாராங்கல்ல, அவங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆகும். இல்லீன்னா டிரையரைக் கழட்டிக்கிட்டு நான் கீழயே போயிர்றேன்."

மரத்தில் பழம் பழுத்துக்கொண்டிருக்கிறது. லாரியைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. டிரையரும் போய்விட்டால் அந்தப் பெண்களின் ஒரு வருஷத்துப் பலா அப்படியே மண்ணுக்குப் போகும். பிறகு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வாசலில் நிற்பது?

ஆனால் ஒன்று எனக்கே விளங்கவில்லை. மரத்தடியில் ஈ மொய்த்துக் கிடக்கிற பழத்துக்கு ஒருவர் காசு தருகிறேன் என்கிறார். சங்கத்துப் பெண்களிடம் சொன்னேன். "பாக்கலாம்க்கா" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். சரி, நானாவது ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு போனேனா? இல்லை. கை வரவில்லை.

வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மாமா கையை உயர்த்திவிட்டார். முன் சீட்டும் காப்பாற்றவில்லை. டிரைவர் ரமேஷ்குமார் ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தினான். ராசிபுரத்துப் பையன், வாடகை வேன். மாமா இறங்கிப் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தார். நாங்களும் கால் நீட்டலாம் என்று இறங்கினோம். ரோட்டோரத்தில் ஒரு பலாமரம். அடியில், விழுந்து வாய் பிளந்த பழம் ஒன்று வாசம் வீசிக்கொண்டு கிடந்தது.

"சாமி நமக்குன்னே போட்டுருக்குது" என்று பழனியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வளப்பூர்ப் பக்கத்து வார்டு மெம்பர். கூட்டத்தில் பேசமாட்டாள், சாப்பாட்டில் விடமாட்டாள். இலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கையாலேயே பழத்தைப் பிளந்தாள். ஆளுக்கு நாலு சுளை வந்தது. யார் வீட்டு மரம் என்று யாரும் கேட்கவில்லை. விழுந்த பழம் பசித்தவனுடையது, அது மனுசனானாலும் மாடானாலும்.

தின்றுவிட்டு எல்லோரும் கொட்டையை மரத்தடியிலேயே போட்டோம். ரமேஷ்குமார் மட்டும் தன்னுடையதைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க தம்பி, அதை எங்க கொண்டு போறீங்க?" என்றாள் பழனியம்மாள்.

"கொழம்பு வெக்கத்தானுங்க. எங்கூட்டுல பலாக்கொட்டைன்னா உசுரு."

"பறிச்ச பழத்துக் கொட்டை வேணுமா, ஒரு சாக்கு தாரேன், கொண்டு போங்க. இது விழுந்த பழம் சாமி. தின்னது நம்மளுது. கொட்டை மரத்துது."

அவன் சிரித்தான். "மரம் வந்து எண்ணிப் பாக்கப் போவுதுங்களா?"

"எண்ணாது" என்றார் மாமா, வாயைத் துண்டால் துடைத்தபடி. "நாங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கறோம்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பையன் முடிச்சை அவிழ்த்து மரத்தடியில் கொட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கைகழுவினான். சண்முகப்பிரியாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "ஐயா, இதை எங்க ரிப்போர்ட்ல போட்டுக்கலாமுங்களா?" என்றாள்.

"எதை, வாந்தியவா?" என்றார் மாமா. வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் தேடிக்கொண்டிருந்த பதில் என் காலடியிலேயே கிடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் தேன்மொழியின் மிளகுக் கூடத்துக்குப் போனோம். கூரையில் சோலார் தகடு, உள்ளே மிளகைக் காம்பு நீக்கித் தரம் பிரிக்கிற மெஷின். சாரல் நாளில் சோலார் எப்படி ஓடும் என்று மாமா கேட்டார். "ஓடாதுங்க, அன்னைக்கு முறத்துல பொடைப்போம்" என்று தேன்மொழி பளிச்சென்று சொன்னாள். அந்தப் பதில் எல்லோருக்கும் பிடித்துப் போனது. சுக்குக் காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்தது முருகானந்தம். வேன் நிற்பதற்கு முன்பே வெளியே வந்து கும்பிட்டார். புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்புக்கூடக் கலையவில்லை. கேட்டில் தகர போர்டு தொங்கியது: 'விழுந்த பலாப்பழம் வாங்கப்படும்.' கீழே விலை. பழைய விலையை அடித்துவிட்டுப் புதுசை எழுதியிருந்தார். எங்கள் ஆட்கள் போர்டைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி உள்ளே போனார்கள்.

தரைக்குள் இறக்கிக் கட்டிய தொட்டி. அதன்மேல் இரும்பு மூடி, கவிழ்த்த அண்டா மாதிரி. கேஸ் சேரச் சேர அது மேலே எழும்பும் என்றார் முருகானந்தம். அன்றைக்கு அது எழும்பாமல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

"ஏனுங்க, இதென்ன வயிறு ஒட்டிப்போன மாதிரி கெடக்குது?" என்றாள் பழனியம்மாள்.

"பசிங்க" என்றார் அவர். "மாட்டு வயித்துல நடக்கறதுதான் உள்ளயும் நடக்குது. தீனி போட்டாத்தான் கேஸு."

"அட பாவமே." தொட்டியைச் சுற்றி நின்ற எல்லார் முகமும் கொஞ்சம் இளகியது. பசிக்கிறது என்று சொன்னால் எங்கள் மலையில் அப்புறம் நியாயம் பேசுவதில்லை. எனக்குத் தெம்பு வந்தது. அந்த நேரத்தை விடக் கூடாது என்று என் பேச்சைத் தொடங்கினேன். லாரி, சாரல், சுளை, எங்கள் பெண்கள், எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க அவங்கவங்க ஊர்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. மண்ணுல அழுகறது இங்க வந்து விழட்டும்" என்று முடித்தேன். டீ வந்தது. தலைகள் மெதுவாக அசைந்தன. நான் ராசு மாமாவைத் தேடினேன்.

அவர் பின்பக்கம் நின்றிருந்தார். அங்கே ஒரு லோடு ஆட்டோ, அதன்மேல் தைத்துக் கட்டிய மூட்டைகள்.

"இது எங்க போவுதுங்க?" என்றார்.

முருகானந்தம் ஆசையாக ஓடிப் போய் ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டினார். "கீழ ஒரு நர்சரிக்குங்க. கேஸ் போனப்புறம் தொட்டில இருந்து வர்ற எரு. காய வெச்சுக் கட்டறோம், வாராவாரம் போவுது. இன்னிக்கு எனக்கு வர்ற வருமானமே இதுதானுங்க. தங்கமாட்டம் எரு."

"அப்படிங்களா" என்றார் மாமா. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேனைப் பார்த்து நடந்தார்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொருத்தராக மூட்டையைப் பார்த்தார்கள், டம்ளரைக் கவிழ்த்தார்கள், "நல்லா இருக்குதுங்க, வாரோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய் வேனில் ஏறிக்கொண்டார்கள். பழனியம்மாள்கூட இரண்டாவது பிஸ்கட்டைத் தொடவில்லை. முருகானந்தம் மூட்டைமேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை, ஆனால் எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிவதற்கு முன்னால் கோபம்தான் வரும்.

வேன் சன்னலுக்கே போய் நின்றேன். "என்ன மாமா இது? பேசிக்கிட்டிருக்கறப்ப எந்திரிச்சு வந்தா என்ன அர்த்தம்? வெலை பத்தலையா?"

"வெலையா? விழுந்த பழத்துக்கு ஏது அம்மிணி வெலை?"

"சரி, வெலை வேண்டாம். பசிக்குதுன்னுதான சொன்னாரு. பசிச்சவனுக்குக் கெடயாதா?"

"பசிச்சா தின்னட்டும். ஆரு வேண்டாங்கறா? தின்னுபோட்டுக் கொட்டையைச் சாக்குல கட்டிக் கீழ அனுப்பறாரே, அது?"

எனக்குச் சட்டென்று காலை ஞாபகம் வந்தது. கர்ச்சீப் முடிச்சு. எருதான் அந்தத் தொட்டியின் கொட்டை. நாங்கள் பழம் கொடுத்தாலும் கேஸை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மரத்துக்குக் கொடுக்காமல் மலையை விட்டே அனுப்பிவிடுவார் மனிதர். அந்த மூட்டைகள் வாராவாரம் எங்கள் ரோட்டில்தான் இறங்கிப் போயின. பார்க்காதவர் யார்? நானும் பார்த்திருக்கிறேன். இப்படி என்று யாரும் வாயால் சொன்னதில்லை. ஆனால் ஒருத்தருக்கும் கை வரவில்லை. எனக்கு வராததும் இதனால்தான்.

"அதை அவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"அவரு எடத்துக்கு வந்து, அவரு டீயைக் குடிச்சுப்போட்டு, அவருகிட்டயே குத்தம் சொல்றதா? நல்லாவா இருக்கும்?" மாமா சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அதுக்குத்தான் நீ இருக்கறியே."

நான் திரும்ப உள்ளே போனேன். மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. அப்படியே சொல்லிவிட்டேன். முருகானந்தம் முதலில் சிரித்தார். பிறகு முகம் சிவந்துவிட்டது.

"எருவும் கொட்டையும் ஒண்ணாங்க அக்கா? மலைக்காரங்க சாணி குடுக்கறாங்க, அதுக்கு ஒண்ணும் சொல்லலியே?"

"சாணி மாட்டுக்காரரோடது, காசு குடுத்து வாங்கறீங்க. கணக்குத் தீந்துச்சு. விழுந்த பழம் ஆரோடதும் இல்லீங்க. அதைத் தின்னா மிச்சம் மரத்துக்குப் போகோணும்."

"இந்த மலைல எத்தனை மரம் இருக்குது! நான் எந்த மரத்தைத் தேடிக்கிட்டுப் போறது?"

"பழம் கொண்டாறவங்க கூடை திரும்பறப்பக் காலியாத்தான போவும்? அதுல அள்ளிப் போட்டு உடுங்க. அவங்களுக்குத் தெரியும் எந்த மரம்னு."

"நர்சரிக்காரருக்கு என்ன பதில் சொல்றது? சுளுவாச் சொல்லிட்டீங்க. எருவும் போச்சுன்னா எனக்கு என்னதானுங்க இருக்குது?"

"டிரையர் இருக்குது. மலை பூராவும் சுளை இருக்குது, காய வெச்சுக் குடுத்தாக் கூலி இருக்குது. நீங்க எரு விக்கவா மலையேறி வந்தீங்க?"

அவர் புதுச் சட்டையில் எரு ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றார். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. வெளியூரில் வந்து ஒருவர் கையைச் சுட்டுக்கொள்வதைப் பார்க்க யாருக்கு நன்றாக இருக்கும்?

"ஹாரன் அடிக்கறாங்க. நீங்க போங்க அக்கா" என்றார் கடைசியில்.

அடுத்து அரியூர்ப் பக்கம். ஓடைத் தண்ணீரில் சின்னச் சக்கரம் சுற்றி, அந்தக் கரண்டில் சாமை உமி நீக்குகிற மில் ஓடுகிறது. மாதம்மாள் என்ற பெண் நடத்துகிறாள். எல்லோரும் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள். நான் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணில் ஓடை இல்லை, அந்த லாரிச் சன்னல்தான் இருந்தது. நாளைக்கே வியாபாரிக்குப் போன் செய்து, வாங்க என்று கூப்பிட வேண்டும். அவர் இன்னும் விலையைக் குறைப்பார். அதையும் நான்தான் பெண்களிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது சண்முகப்பிரியா மைக்கை எடுத்தாள். "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டோம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"தேன்மொழி ஊட்டு சுக்குக் காப்பில மொளகும் போட்டிருந்தாங்க. நல்லா இருந்துச்சு" என்றாள் பழனியம்மாள்.

என்னிடம் மைக் வந்தது. "லாரிக்காரன் சிரிச்சதுல தப்பில்லைன்னு கத்துக்கிட்டேன்" என்று சொல்லி அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டேன். பாவம், அந்தப் பெண் மைக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அரியூர் எல்லையைத் தாண்டுவதற்கு முன்னால் மாமா மறுபடியும் கையை உயர்த்தினார். ரமேஷ்குமார் அலுத்துக்கொண்டே நிறுத்தினான். அவர் இறங்கிப் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அழுகத் தொடங்கின ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். வேட்டியெல்லாம் சாறு.

"இது எதுக்கு மாமா?"

"வழில பசிக்குமுல்ல."

மாமாவுக்காவது, வேனில் உட்கார்ந்துகொண்டாவது, பசிப்பதாவது. நான் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை. வேனுக்குள் பழத்தின் நாற்றமும் வாசமும் சேர்ந்து சுழன்றது. ரமேஷ்குமார் எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டான். அடுத்த மரத்தடியில் பழனியம்மாள், "எனக்கும் பசிக்கும் போல இருக்குது, நிறுத்துங்க தம்பி" என்றாள்.

அவள் ஒரு பழத்தோடு ஏறினாள். முருகானந்தத்தின் வாயில் இருந்து சரி என்று ஒரு சொல் வரவில்லை. ஆனாலும் இவர்கள் பழத்தைத் தூக்கிவிட்டார்கள். கேட்டில் நிறுத்தி, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

சாரல் பிடித்துக்கொண்டது. வளைவு திரும்பி அவர் கேட் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

போர்டு இல்லை. போர்டைக் கட்டியிருந்த கம்பி மட்டும் தொங்கியது. உள்ளே லோடு ஆட்டோவும் இல்லை, மூட்டைகளும் இல்லை. ஷெட் கதவு பூட்டியிருந்தது.

டிரையரைக் கழட்டிக்கொண்டு போய்விட்டார். சொன்ன மாதிரியே செய்துவிட்டார். என் வாயால்தான் போனார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் சண்முகப்பிரியா உட்கார்ந்திருக்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை. மாமா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த பழத்தைக் கொஞ்சம் இழுத்து அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"போலாமுங்க தம்பி" என்றார்.

வேன் மெதுவாக உருண்டது. இரண்டு வளைவு தாண்டியிருப்போம். பனிமூட்டத்துக்குள் ஏதோ மஞ்சள் வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. ரோட்டோரத்தில் லோடு ஆட்டோ நின்றது. பக்கத்து மேட்டில் ஒரு பலாமரம். அதன் அடியில் ஒரு ஆள் குனிந்து நின்று எதையோ வாரி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அந்தப் புதுச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அது அவருங்க!" என்றாள் சண்முகப்பிரியா.

நான்தான் முதலில் இறங்கினேன். முருகானந்தம் நிமிர்ந்தார். அவர் கையில் இருந்தது அந்தத் தகர போர்டு. இரண்டு பக்கமும் வளைத்து, எரு அள்ளுகிற தட்டாக்கியிருந்தார். விலை எழுதியிருந்த இடம் முழுக்க எரு அப்பியிருந்தது.

"அக்கா, ஒருத்தரும் பழம் கொண்டாரலீன்னுதான உங்ககிட்டச் சொன்னேன். நானே ரோட்டோரத்துல கொஞ்சம் பொறுக்கிட்டுப் போய்ப் போட்டேனுங்க, மெஷினை ஓட்டிப் பாக்கறதுக்கு." மூச்சு வாங்கியது அவருக்கு. "இந்த மரத்துல எடுத்தேன். அப்பறம் மேல ஒரு மரம், கோயில் திருப்பத்துல ஒண்ணு. மத்தது ஞாபகம் வரலீங்க. மூட்டைய எல்லாம் ஏத்திக்கிட்டு வந்துட்டேன். நர்சரிக்காரருகிட்ட இனி வராதுன்னு சொல்லிட்டேன். திட்டுனாரு."

எனக்குப் பேச்சே வரவில்லை. கலைமணிக்குப் பேச்சு வராத நாள் என்று பழனியம்மாள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

மாமா வேனில் இருந்து இறங்கி, பழத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடேறி வந்தார். முருகானந்தம் கொட்டி வைத்த எருவைக் காலால் கொஞ்சம் தள்ளினார்.

"அடில குமிக்காதீங்க. ஒரு பாகம், ரெண்டு கையும் விரிக்கற தூரம், தள்ளிப் போடுங்க, சுத்தி வாராப்பல. வேரு அங்கதான் வாய வெச்சுக்கிட்டு இருக்கும்."

"சரீங்க."

"இந்தாங்க." பழத்தை நீட்டினார். "அரியூர்ல மில்லுக்கு இந்தப் பக்கம், பாலத்தை ஒட்டி இருக்கற மரம். ஞாபகம் வெச்சுக்கங்க."

முருகானந்தம் போர்டைக் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பழத்தை வாங்கினார். "பாலத்தை ஒட்டி" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பழனியம்மாளும் தன் பழத்தோடு வந்தாள். வேனில் இருந்த தலைவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். யாரோ ஒரு மூட்டையைப் பிரித்தார். மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வாரிப் போட்டார். ரமேஷ்குமார் மட்டும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"ஏனுங்க அக்கா, போறப்பக் காலைல நிறுத்துன எடத்துல ஒரு நிமிசம் நிறுத்திக்கறேனுங்க." பேன்ட் பையில் இருந்து ஒற்றைப் பலாக்கொட்டையை எடுத்துக் காட்டினான். "ஒண்ணு உள்ளயே தங்கிருச்சு."

தங்கிவிட்டதாம். நான் தலையாட்டிவிட்டு மேட்டு உச்சிக்கு ஏறினேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். போனை எடுத்தேன். வியாபாரியின் நம்பர்தான் மேலே இருந்தது, ஓடைக்கரையில் நின்றபோது தேடி வைத்தது. அதைத் தள்ளிவிட்டு, எங்கள் சங்கத்துக் கவிதாவைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்கக்கா, என்னாச்சு? போனதுல இருந்து ஒரு தகவலும் இல்ல" என்றாள். பின்னால் பெண்களின் குரல்கள் கேட்டன. எல்லோரும் அவள் வீட்டில் கூடிக் காத்திருக்கிறார்கள் போல.

"ஒண்ணும் ஆவல கண்ணு" என்றேன். குரல் உடைந்துவிட்டது, உடையட்டும் என்று விட்டுவிட்டேன். "எல்லாருகிட்டயும் சொல்லு, அருவாமனையைத் தீட்டி வெக்கச் சொல்லு. காலைல டிரையருக்கு வர்றப்ப ஆளுக்கு ஒரு விழுந்த பழம் தூக்கிக்கிட்டு வரோணும். எந்த மரத்துதுன்னு பாத்து எடுங்க. திரும்பறப்ப எரு அங்கயே போகோணும்."